அப்பாவும் வால்நட் செக்கும்

அப்பா காலை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். குளித்து, திருநீறு பூசி, சட்டைப்பையில் கண்ணாடியும் பேனாவும் வைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் இருந்த கல் மேடையில் உட்கார்ந்திருந்தார். நான் ஏழு மணிக்கு எழுந்து வெளியே வந்தபோது, "கிளம்பலாமாம்மா?" என்றார்.

"இன்னிக்கு எங்கேயும் போகலப்பா."

"ஏன், பிள்ளைகளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

உடம்பு சரியில்லாத நாளைத் தவிர மற்ற நாளில் மனிதன் சும்மா இருக்கலாம் என்று அப்பா நினைத்ததே இல்லை. முசிறியில் அவர் செக்கு வைத்திருந்தார். 32 வருஷம். தைப்பொங்கலுக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு ஒரு நாள். அந்த இரண்டு நாள்தான் செக்கு ஓடாது. கல்யாணம், காதுகுத்து என்றால்கூட அம்மாவும் நாங்களும் முதல் நாளே போய்விடுவோம். அப்பா முகூர்த்த நேரத்துக்கு வந்து, மொய் எழுதி, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகப் பேருந்து பிடித்துத் திரும்பிவிடுவார்.

அம்மாவும் அப்பாவும் பிரான்ஸ் வந்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. துலூஸில் எங்கள் வீட்டில் சில நாள், பாரிஸில் நான்கு நாள். ஐஃபில் கோபுரம், லூவ்ர், வெர்சாய் அரண்மனை என்று காலையிலிருந்து இரவு வரை நடந்ததில் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் தென்மேற்கு பிரான்ஸில் பெரிகோர் என்ற கிராமப் பகுதிக்கு ஐந்து நாள் என்று கிளம்பினோம். துலூஸிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். சார்லா என்ற பழைய ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தின் வீடு. அங்கும் என் கணவர் நாள்வாரியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். அன்றைய வரிசையில் லாஸ்கோ குகை. 25 கிலோமீட்டர் தூரம்தான். ஆதி மனிதர்கள் சுவரில் ஓவியம் தீட்டிய அந்தக் குகையை 1940-ல் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். பார்க்க வருகிறவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கிறது என்று 1963-ல் மூடிவிட்டார்கள். இப்போது காட்டுவது அருகிலேயே கட்டிய நகல் குகை. எனக்கும் அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் முதல் நாள் இரவு அம்மா காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தபோது, "நாளைக்கு ஒண்ணும் வேணாம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று பட்டியலை மடித்து வைத்தார்.

நாங்கள் தங்கிய மாதிரி வீட்டை இங்கே ஜீத் என்பார்கள். கிராமத்தில் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டையோ தொழுவத்தையோ சீர்செய்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. கிராமங்களைவிட்டு மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்த ஏற்பாடு. முதல் ஜீத் 1951-ல் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் திறந்தது, 1955-ல் இதற்கென்று ஒரு கூட்டமைப்பே உருவானது. எங்கள் ஜீத் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவம். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர். கூரைக்கு ஓடு கிடையாது, பட்டைப் பட்டையாகக் கல்லையே அடுக்கியிருந்தார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் கனம் வரும். அப்பா வந்த அன்றே உள்ளே நின்று அண்ணாந்து உத்தரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கருங்காலி மாதிரி இருக்கு, என்ன மரம்?" என்றார். ஓக் மரம். அந்த ஓக் காடுகள் கருகருவென்று இருப்பதால்தான் இந்தப் பகுதிக்குக் கறுப்புப் பெரிகோர் என்று பெயர்.

சரி, எங்கும் போகவில்லை என்றாலும் ரொட்டி வாங்க வேண்டுமே. அப்பாவையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். பத்து நிமிட நடை. இருபுறமும் வரிசை பிடித்து நட்ட வால்நட் தோப்பு. நம் ஊரில் அக்ரூட் என்று கடையில் பொட்டலமாகப் பார்த்ததுதான், மரத்தில் பச்சைக் காயாக அப்பா அன்றுதான் பார்த்தார். ஒரு காயைக் கிள்ளி மோந்து பார்த்து, எலுமிச்சை மாதிரி இருக்கிறது என்றார்.

எதிரே வந்த ஒவ்வொருவரும் 'போன்ஜூர்' சொன்னார்கள். பாரிஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, இங்கே பார்த்துவிட்டுப் பேசாமல் போவது மரியாதைக் குறைவு. மூன்றாவது ஆளிடம் அப்பாவே முந்திக்கொண்டு போன்ஜூர் சொன்னார், கையையும் கூப்பினார். அந்த ஆள் தொப்பியைக் கழற்றிவிட்டு, தாமும் கை கூப்பினார்.

ரொட்டிக்கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை அடைப்பு, புதன்கிழமை முழு விடுமுறை. அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா நின்று அந்த அட்டையை இன்னொரு தடவை பார்த்தார்.

"தினமும் மூணு மணி நேரமா?"

"தினமும்."

"அந்த நேரத்துல வர்றவன் வேற கடைக்குப் போயிடுவானே?"

"வேற கடையும் அடைச்சிருக்கும்பா."

வீடு திரும்பும்வரை அதைப் பற்றியேதான் பேசினோம். சின்னவன் சூடான நீள ரொட்டியின் முனையைப் பிய்த்துத் தின்றுகொண்டே வந்தான். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், முனை வீடு வந்து சேராது. நான் அப்பாவுக்கு 1936-ஆம் வருஷக் கதையைச் சொன்னேன். லெயோன் ப்ளூம் பிரதமராக இருந்த நேரம். நாடு முழுக்கத் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்க வைத்தார்கள். அந்தக் கோடையிலேயே சலுகை விலை ரயில் டிக்கெட்டும் வந்தது. பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்காதவர்கள் குடும்பத்தோடு ரயிலிலும் சைக்கிளிலும் கிளம்பினார்கள். பிற்பாடு 1956-ல் மூன்று வாரம், 1969-ல் நான்கு, 1982-லிருந்து ஐந்து வாரம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தொழிலாளிக்குச் சரி. முதலாளிக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?" என்றார். நல்ல கேள்வி. செக்குக்கு அவர்தான் முதலாளி, அவர்தான் தொழிலாளி.

காலைச் சாப்பாடு முடிந்து, மூத்தவள் புத்தகத்தோடு புல்லில் குப்புறப் படுத்துவிட்டாள். அம்மா நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா மட்டும் முற்றத்தை நாலு தடவை சுற்றிவந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், குழாயடியில் கிடந்த வாளியைக் கவிழ்த்து வைத்தார். வீட்டுக்காரப் பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. எங்களிடம் வந்து, பக்கத்து ஊர் ஆலையில் இன்று வால்நட் எண்ணெய் பிழிகிறார்கள், போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பா காரின் அருகே நின்றிருந்தார்.

சென்ட் நத்தலேன் என்ற சிற்றூர் அது. எனெயா என்றொரு ஓடை. அதன் தண்ணீரைத் திருப்பி, ஆலைக்குள் கல்லைச் சுற்ற வைக்கிறார்கள். பல நூறு வருஷமாக அதே ஓடை, அதே வேலை. கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். பருப்பு வறுபடும் வாசனை, விறகுப்புகை, அவற்றுக்கு அடியில் கல்லில் ஊறிப்போன எண்ணெயின் பழைய வாசனை. எனக்கு அந்த மூன்றாவது வாசனை நன்றாகத் தெரியும். பள்ளிவிட்டு வந்து பையை எறிந்துவிட்டு அப்பாவிடம் ஓடினால் செக்கடியில் அடிக்கும் வாசனை அது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

ஆலைக்காரர் பருப்பைக் கல் தொட்டியில் கொட்டினார். போன இலையுதிர் காலத்தில் உதிர்ந்து, காயவைத்து, ஓடு நீக்கிய பருப்பு. ஓடு நீக்குவதுதான் இந்தப் பகுதியின் பெரிய வேலையாக இருந்ததாம். குளிர்கால இரவுகளில் பெண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டைக்கல் வைத்து, சின்ன மரச்சுத்தியால் ஒரே தட்டில் பருப்பு நொறுங்காமல் ஓட்டைப் பிளப்பார்கள். கதையும் ஊர்வம்பும் பேசிக்கொண்டே விடிய விடிய நடக்கும். புளி தட்டுகிற நம் ஊர் முற்றம் மாதிரிதான். பெரிகோர் வால்நட்டுக்கு 2002-ல் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்த மண்ணில் விளைந்த, குறிப்பிட்ட வகைகளைத் தவிர வேறு எதையும் அந்தப் பெயரில் விற்க முடியாது.

செங்குத்தாக நின்ற பெரிய கல் சக்கரம் தொட்டிக்குள் உருண்டு உருண்டு பருப்பை நசுக்கியது. அப்பா மெல்ல முன்னால் வந்தார். கொஞ்ச நேரத்தில் பருப்பு மாவாகி, மாவு களியாகி, பளபளக்க ஆரம்பித்தது. "இன்னும் ரெண்டு சுத்து ஓடணும்" என்று அப்பா தனக்குள் சொன்னார். அதே நேரம் ஆலைக்காரர் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, கல்லை ஓடவிட்டார். சரியாக இரண்டு சுற்றா என்று நான் எண்ணவில்லை. ஆனால் அந்த விரல் அழுத்தம் அப்பாவின் விரல் அழுத்தம். சின்ன வயதில் ஆயிரம் தடவை பார்த்தது.

நான் ஆலைக்காரரிடம் போய், இவர் என் அப்பா, இந்தியாவில் 32 வருஷம் எள் ஆட்டியவர் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தொட்டியிலிருந்து ஒரு கை களியை அள்ளி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அப்புறம் எனக்கு மொழிபெயர்த்து மாளவில்லை. நசுக்கிய களியை வார்ப்பிரும்புச் சட்டியில் போட்டு விறகடுப்பில் கிளறினார்கள். அப்பாவுக்கு அது ஒப்பவில்லை. "சூடு ஏறக்கூடாதுன்னுதானே நாம மரச்செக்குல ஆட்டுறோம்? இவங்க வேணும்னே சூடு பண்றாங்களே, கேளு." கேட்டேன். சூடு காட்டினால்தான் எண்ணெய் இளகிப் பிரியும், வறுத்த மணமும் அதில்தான் வரும், ஆனால் ஒரு நிமிஷம் கூடினாலும் கசந்துவிடும் என்றார் ஆலைக்காரர். உங்கள் ஊரில் சூடில்லாமல் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்பா கருப்பட்டியைப் பற்றிச் சொன்னார். எள் பாதி அரைபட்டதும் கருப்பட்டியைத் தட்டிப் போட வேண்டும், கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், அப்போது சக்கை ஒன்றுகூடிப் பிண்ணாக்காக ஒதுங்கும், எண்ணெய் தனியே நிற்கும். வாகை மரத்தில் குடைந்த உரல், அதற்குள் சுற்றும் உலக்கை, தாத்தா காலத்தில் அதை இழுத்த இரண்டு காளைகள், 1974-ல் மோட்டார் மாட்டியது. இரண்டரை கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர் எண்ணெய். இங்கே எவ்வளவு? பருப்பின் எடையில் பாதிக்கு மேலேயே கிடைக்கும் என்றார் ஆலைக்காரர். அப்பா புருவத்தை உயர்த்தி, "எள்ளவிட மேல்" என்றார்.

நான் இதுவரை கேட்காத விஷயங்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்தன. செக்கை மூடியதைப் பற்றி அப்பா எங்களிடம் பேசியதே கிடையாது. பாக்கெட் எண்ணெய் வந்து, சூரியகாந்தி எண்ணெய்தான் இதயத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்து, ஒரு நாளைக்கு நான்கு ஈடு ஓடியது இரண்டாகி, ஒன்றாகி நின்றுபோனது. உலக்கையைத் தச்சர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார் என்பதையும், அது போன பிறகு நாலைந்து நாள் அந்தப் பக்கமே தான் போகவில்லை என்பதையும், எனக்குத் தெரியாத ஒரு மனிதரிடம் என் வாய் வழியாகச் சொன்னார். நான் அதைப் பிரெஞ்சில் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. ஆலைக்காரர் காத்திருந்தார்.

பிழிந்து முடித்ததும் துணியைப் பிரித்து, வட்டமாக இறுகிப்போன சக்கையை எடுத்தார். மூத்தவளுக்கும் சின்னவனுக்கும் ஆளுக்கொரு துண்டு. "பிண்ணாக்கு!" என்று அப்பா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெதுவெதுவென்று, லேசான கசப்போடு, பிஸ்கட் மாதிரி இருந்தது. கருப்பட்டி ஒட்டிய எள்ளுப் பிண்ணாக்கை அவர் எனக்கும் அண்ணனுக்கும் இப்படித்தான் கையில் வைப்பார், சூடு ஆறுவதற்குள். மூத்தவள் இரண்டாவது துண்டு கேட்டாள்.

அடுத்த ஈட்டுக்குப் பருப்பு தயாராக இருந்தது. அப்போது கோயில் மணி அடித்தது, பன்னிரண்டு. ஆலைக்காரர் கையைத் துடைத்தார், தண்ணீரை அடைத்தார், கல் மெதுவாகி நின்றது. சாப்பாட்டு நேரம்.

அப்பா என்னைப் பார்த்தார். "பருப்ப எடுத்து வெச்சிட்டுப் போறாரு?"

"ரெண்டு மணிக்கு வந்து போடுவாருப்பா."

ஆலைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். உங்கள் ஊரில் மத்தியானம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். நான்தான் என்றார் அப்பா. அப்படியென்றால் எப்போது சாப்பிடுவீர்கள்? அப்பா தூக்குச்சட்டியை ஒரு கையில் பிடித்து, மறு கையால் செக்கைத் தள்ளிவிடுவதுபோல் நடித்துக் காட்டினார். நின்றுகொண்டே. ஆலைக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "32 வருஷமா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பிரான்ஸ் வந்த புதிதில் இந்த மத்தியான அடைப்பு எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. தபால் அலுவலகம் போனால் மூடியிருக்கும், மருந்துக்கடை மூடியிருக்கும். பெரிய நகரங்களில் இப்போது குறைந்துவிட்டது, பேரங்காடிகள் அடைப்பதில்லை. கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அது இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். சோம்பல் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆலைக்காரர் காலை ஏழு மணிக்கு விறகு மூட்டியவர். மேசையில் உட்கார்ந்து, சூடாக, தன் வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவருக்கு நேரம் வேண்டும். என் அப்பாவுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் செய்து வைத்திருந்தார். "விடுமுறையில் ஏம்மா?" என்றதற்கு, "இன்னிக்கு ஆடிப் பதினெட்டு, யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்றார். எங்கள் யாருக்கும் இல்லை. முசிறியில் அன்றைக்குக் காவிரிக் கரையில் நிற்க இடம் இருக்காது. நாங்கள் அந்தக் கலந்த சாதத்தோடு தக்காளி, முலாம்பழம், இந்தப் பக்கத்து ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி எல்லாம் வைத்துக்கொண்டு இரண்டு மணி வரை சாப்பிட்டோம். அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். அம்மா அவருக்கு இன்னும் இரண்டு கரண்டி தயிர்ச் சாதம் வைத்தார்.

வாங்கிவந்த எண்ணெய்ப் புட்டியை அப்பா அதற்குள் ஜன்னல் விளிம்பில், நல்ல வெயிலில் வைத்திருந்தார். புது நல்லெண்ணெயை நாங்கள் அப்படித்தான் வைப்போம், இரண்டு நாள் வெயில் பட்டால் மண்டி அடியில் இறங்கித் தெளியும். முற்றத்தைக் கடந்துகொண்டிருந்த வீட்டுக்காரப் பாட்டி அதைப் பார்த்துவிட்டு வேகமாக வந்து புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். வால்நட் எண்ணெய்க்கு வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது. சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். குளிர்பெட்டியில், இருட்டில்தான் இருக்க வேண்டும், அடுப்பில் வைத்துத் தாளிக்கவும் கூடாது. அப்பா ஒரு மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டார்.

அதே பாட்டிதான் அரை மணி கழித்து மறுபடியும் வந்தார். அப்பா வால்நட் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அங்கே படுக்காதீர்கள் என்றார் பாட்டி. வால்நட் நிழல் குளிர் நிழலாம், அதில் தூங்கினால் தலைவலி வரும், உடம்புக்கு ஆகாது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. "நம்ம புளிய மரம் மாதிரி" என்று அப்பா உடனே எழுந்துகொண்டார். இதில் ஓரளவு விஷயமும் உண்டு. வால்நட் மரம் ஜக்லோன் என்ற பொருளை மண்ணில் விடுகிறது, தக்காளி போன்ற பல செடிகள் அதன் அருகே வளராது. மனிதனுக்குத் தலைவலி வருமா என்பது வேறு. ஆனால் பெரியவர்கள் சொன்னால் அப்பா கேட்பார், அந்தப் பெரியவர் எந்த ஊராக இருந்தாலும். பாட்டி அவரை முற்றத்து மூலையில் இருந்த தியேல் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். அதன் பூவைக் காயவைத்து இரவில் தூக்கத்துக்குக் கஷாயம் போட்டுக் குடிப்பார்கள். அப்பா அங்கே படுத்தார். பத்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. பகலில் அப்பா தூங்கி நான் பார்த்ததே இல்லை. மூத்தவள் பக்கம் திருப்பும் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு வெயில் தணிந்ததும் ஆற்றுக்குப் போனோம். தோர்தோஞ் ஆறு அங்கிருந்து பக்கம்தான். லா ரோக் கஜாக் என்ற ஊர் ஆற்றுக்கும் செங்குத்தான பாறைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1957-ல் அந்தப் பாறை சரிந்து வீடுகளை நசுக்கி மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அப்படியும் ஊர் அங்கேயேதான் இருக்கிறது. நடந்துகொண்டிருந்த அம்மா திடீரென்று நின்று, "ஏங்க, அங்க பாருங்க, வாழை!" என்றார். உண்மையிலேயே வாழை மரம். பனைவகை மரங்கள்கூட இருந்தன. பாறை தெற்குப் பார்த்து நிற்பதால் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது, வடக்குக் காற்றையும் தடுத்துவிடுகிறது. அதனால் அந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் வெப்பநாட்டு மரங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. அம்மா இலையைத் தடவிப் பார்த்து, "தார் போடுமா?" என்றார். கேட்டுச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை.

ஆறு அங்கே அகலமாக, ஆழமில்லாமல், கூழாங்கல் தெரிய ஓடுகிறது. மலையில் பிறந்து ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஓடி, போர்தோ நகருக்கு வடக்கே கரோன் ஆற்றோடு சேருகிறது. கரோன் என்பது துலூஸில் எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிடத் தொலைவில் ஓடும் ஆறு. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப கூடுதுறை எங்க இருக்கு?" என்று கேட்டு, போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முன்பு இந்த ஆற்றில் கபார் என்ற தட்டைப் படகுகள் மலையிலிருந்து மரத்தை ஏற்றிக்கொண்டு இறங்கும். பீப்பாய்க்கு ஓக், திராட்சைக் கொடிக்குக் கழி. மேல் ஆற்றிலிருந்து வந்த படகுகள் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பிப் போக முடியாது, அதனால் சரக்கை இறக்கியதும் படகையே உடைத்து விறகாக விற்றுவிட்டு, படகோட்டிகள் நடந்தே ஊர் திரும்புவார்கள். இப்போது அதே வடிவப் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றுகிறார்கள். நாங்கள் ஏறவில்லை.

பிள்ளைகள் தண்ணீரில் விழுந்து புரண்டார்கள். என் கணவர் பேண்டை மடித்துவிட்டு அவர்களோடு அணை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார். பாட்டியின் தோட்டத்தில் கேட்டுப் பறித்து வந்த நாலைந்து ரோஜா இதழ்களைத் தண்ணீரில் விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கையில் நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா கரையில் நின்று, "மேட்டூர்ல எவ்வளவு திறந்திருக்காங்கன்னு பாரு" என்று என்னிடம் சொன்னார். பார்த்துச் சொன்னேன். தண்ணீர் முசிறியைத் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு, தானும் செருப்பைக் கழற்றினார். வீங்கிய காலுக்கு அந்தக் குளிர்ந்த தண்ணீர் இதமாக இருக்கிறது என்று அம்மா ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் ஆரம்பத்தில் அங்கே ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது. நாங்கள் வீடு திரும்பியபோது முற்றத்தில் பாட்டியின் வீட்டார் பெத்தாங்க் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் குண்டை ஒரு சின்ன மரக்குண்டுக்கு அருகே வீச வேண்டும், அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லா சியோத்தா என்ற ஊரில், வாதத்தால் ஓடி வீச முடியாமல் போன ஒருவருக்காக, நின்ற இடத்தில் இரண்டு காலையும் ஊன்றி வீசலாம் என்று விதியை மாற்றியதில் பிறந்த ஆட்டம். அப்பாவுக்கும் முழங்கால் வலி. அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் இரண்டு குண்டும் வேலி ஓரம் போய்விட்டன. மூன்றாவது மரக்குண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. கோலி ஆடிய கை.

இருட்டும் நேரத்தில்தான் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தோம். அம்மா பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்தார். ஊரிலிருந்து கிளம்பும்போது இடித்தது. தட்டில் பொடியைக் கொட்டி, நடுவே குழித்து, வால்நட் எண்ணெயை ஊற்றினார். காலையில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டோம். பாட்டிக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இருமிவிட்டு, இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார்.

அப்பா முதல் வாயை ரொம்ப நேரம் மென்றார்.

"நல்லாதான் இருக்கு. கருப்பட்டி ஒரு துண்டு விழுந்திருக்கணும்."

செக்கு ஓடிய காலத்தில் அவர் சாப்பிட உட்காரும் முன்பு சாம்பலும் சீயக்காயும் போட்டு மூன்று தடவை கை கழுவுவார். அப்படியும் எண்ணெய் வாடை போகாது. ராத்திரி எங்களுக்குப் போர்த்திவிடும்போது போர்வையில் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும். இப்போது தட்டு காலியாகி எல்லோரும் எழுந்த பிறகும் அவர் மட்டும் அந்தக் கல் மேடையில் உட்கார்ந்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா செம்பில் தண்ணீரோடு வந்து நின்றார்.

"கை கழுவலையா?"

அப்பா கையை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"இருக்கட்டும்" என்றார்.